மூன்று பேர் சொல்லைக் கேட்ட லாரி ஓட்டுநர்

நான் இருபத்தாறு ஆண்டுகள் டாக்டராக வேலை பார்த்த பாபடோயிட்டோய் புறநகர்க் கிளினிக்கில் சென்ற மாதம் ஒரு புதிய அறையைத் திறந்தார்கள். டாக்டர் அறைக்கு அடுத்த கதவு. அதில் உடற்பயிற்சியாளர் ஒருவர் வாரம் முழுவதும் இருப்பார். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி என்று வருகிறவர்களை டாக்டர் பார்த்து முடித்ததும் அங்கே அனுப்புவார். திறப்பு விழாத் தேநீருக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். லின்ஃபீல்டில் வீட்டைப் பூட்டும்போதே எனக்குக் கவலை, கார் நிறுத்த இடம் கிடைக்குமா என்று. கிடைத்தது. ஆனால் உள்ளே நாற்காலிகள் பதினான்கு, வந்தவர்கள் பத்தொன்பது பேர். நின்ற ஐவரில் நானும் ஒருவன். ஆரோக்கியத்துக்காக அறை திறக்கிறவர்கள் எழுபத்துமூன்று வயதுக்காரனை நிற்கவைத்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது என் இடத்தில் இருப்பவர் ப்ரீத்தி. இங்கேயே பிறந்தவர், தமிழில் பேச வேண்டும் என்று பிடிவாதமாக முயற்சி செய்கிறவர். "அங்கிள், உங்க டைம்லயே பேஷண்ட்ஸை ஜிம்முக்கு அனுப்பினீங்களாமே. கோலின் ரூல்னு நர்ஸ் சொல்றாங்க. அது என்ன?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரிப்பனை வெட்டிவிட்டார்கள், எல்லோரும் கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே எழுதுகிறேன்.

மதுரையில் மருத்துவம் படித்தேன். இந்த நாட்டுக்கு வந்து மறுபடியும் தேர்வுகள் எழுதினேன், இரண்டு முறை தவறினேன், மூன்றாவதில் தேறினேன். சில ஆண்டுகள் மருத்துவமனையில் இரவுப் பணி. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கிளினிக்கில் கோலினிடம் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தொழில் தெரிய ஆரம்பித்தது.

கோலின் அந்தக் கிளினிக்கின் மூத்த டாக்டர். உயரமானவர், எப்போதும் அதே பழுப்பு நிற ஸ்வெட்டர். நோயாளியின் பெயரைச் சொல்லி அழைக்க வரவேற்பாளரை விடமாட்டார். தானே காத்திருக்கும் இடத்துக்குப் போய், நோயாளியை முன்னால் நடக்கவிட்டு, இரண்டடி பின்னால் வருவார். மரியாதை என்று நான் நினைத்தேன். ஒருநாள் கேட்டபோது, "பின்னாலிருந்து பார்த்தால்தான் எந்தக் காலை இழுக்கிறார் என்று தெரியும்" என்றார். அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நாம் செய்தது பிடிக்காவிட்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கண்ணாடி மேசையில் படும் சத்தம் எனக்குப் பயம்.

மருந்துச் சீட்டு போலவே உடற்பயிற்சிக்கும் சீட்டு எழுதலாம் என்ற திட்டம் அப்போது வந்திருந்தது. நானும் எழுதினேன். உப்பைக் குறையுங்கள் என்று சொல்வது போல, போகிற போக்கில். முதல் ஆண்டு நாற்பது சீட்டுகள் எழுதினேன். திரும்பி வந்தவர்களிடம் விசாரித்ததில் ஜிம் வாசலை மிதித்தவர்கள் ஆறு பேர். இதைக் கோலினிடம் ஒரு புகாராகச் சொன்னேன், நம் ஜனங்கள் சோம்பேறிகள் என்கிற தொனியில்.

கண்ணாடி மேசைக்கு வந்தது.

"யாரிடம் அனுப்பினாய்?"

"ஜிம்முக்கு."

"ஜிம் ஒரு கட்டடம். யாரிடம்?"

மதிய இடைவேளையில் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

இப்படித்தான் மாலாவைப் பார்க்கப் போனேன். கிளினிக்கிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு சமூகக் கூடம், அதன் பின்பக்கத்தில் சிறிய ஜிம். ஒன்பது சைக்கிள்கள், அதில் ஒன்று பழுது. மாலா மலேசியாவில் ஈப்போக்காரர். உடற்பயிற்சி அறிவியல் படித்துவிட்டு இதயநோய் வந்து தேறியவர்களுக்கான வகுப்புகளைப் பல ஆண்டுகள் நடத்தியவர். நான் என் பெயரைச் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"நீங்கதானா அது? உங்க சீட்டுல என்னா எழுதியிருக்கு தெரியுமா டாக்டர்? 'நடக்கவும்.' அவ்வளவுதான். நீங்க அனுப்புன பாட்டிக்கு முட்டி ரெண்டும் தேஞ்சிருக்கு, கண்ணுல புரை, மூணு வகை மாத்திர. நடக்கவும்னா எங்க நடக்குறது, மோட்டர்வேயிலயா?"

"நீங்க ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்."

"பண்ணேன். நாலு வாட்டி. டாக்டர் பிசினு சொல்லிட்டாங்க. சரி, வந்தது வந்துட்டீங்க, அந்த நாற்காலியில உக்காருங்க. கைய மார்ல கட்டிக்குங்க. கை ஊனாம எழுந்திரிங்க, உக்காருங்க. அர நிமிசம். நான் எண்ணுறேன்."

நானும் மனதுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு. அவர் பதினொன்று என்றார். கடைசியில் முழுதாக நிமிரவில்லையாம். அதைப் பற்றி நாங்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

கோலினின் விதி இதற்குப் பிறகு எனக்குச் சொல்லப்பட்டது. யாரையாவது இன்னொருவரிடம் அனுப்பினால், நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அந்த இன்னொருவரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். நோயாளியின் காதுபடப் பேச வேண்டும். என்ன நோய், என்னென்ன மாத்திரை, எதற்கு அனுப்புகிறோம், எது நடந்தால் திருப்பிக் கூப்பிட வேண்டும். நாம் தவறாகச் சொன்னால் நோயாளியே குறுக்கிட்டுத் திருத்துவார், ஏனென்றால் பேச்சு அவரைப் பற்றியது. ஒரு நோயாளிக்குப் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும், அதில் நான்கை இதற்குக் கொடுப்பதா என்று எனக்கு எரிச்சல். ஆனால் செய்தேன். அடுத்த ஆண்டு அனுப்பியவர்களில் பாதிக்கு மேல் போனார்கள்.

இனி சேவியரைப் பற்றி. இது நடந்து பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. பெயரை மாற்றியிருக்கிறேன்.

சேவியர் மன்னார்க்காரர், ஐம்பத்திரண்டு வயது. விரி என்ற தொழிற்பேட்டையில் உள்ள கிடங்குகளுக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் லாரி ஓட்டுநர். வேடிக்கையாகப் பேசுகிறவர். சர்க்கரை நோய் வந்து ஏழு ஆண்டுகள். இரண்டு வகை மாத்திரை கொடுத்தும் சர்க்கரை இறங்கவில்லை. அந்த இரண்டில் ஒன்று, கணையத்தை விரட்டிச் சர்க்கரையைக் கீழே தள்ளுவது. படபடப்புக்கும் அழுத்தத்துக்குமாக, இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரை ஒன்றும் உண்டு. ஜனவரியில் வந்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இன்சுலின் ஊசி ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்றேன்.

"ஊசி போட்டா லொறி ஓட விடுவினமோ டொக்டர்?"

"உடனே முடியாது. ஸ்பெஷலிஸ்ட் பார்த்து எழுதித் தரணும். கம்பெனி என்ன சொல்லும்னு எனக்குத் தெரியாது."

"கொம்பனி என்ன சொல்லுமெண்டு எனக்குத் தெரியும்." அவர் சிரிக்கவில்லை. "எனக்கு வேற தொழில் தெரியாது. வீட்டு மோர்ட்கேஜ் கிடக்கு. ரெண்டு பிள்ளையளும் படிக்கினம். மே மாசம் லைசென்சுக்கு மெடிக்கல் குடுக்கோணும். அதுவரைக்கும் விடுங்கோ. நீங்கள் சொல்லுறது எல்லாம் செய்யிறன்."

காலையில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். பாண் ரொட்டியும் முட்டையும் தவறாது என்றார். அது அன்றைக்கு உண்மை. அவர் எதிரிலேயே மாலாவைக் கூப்பிட்டேன். மாத்திரைகளைச் சொன்னேன். துடிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு உழைத்தாலும் நாடி ஏறாது, ஆகையால் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை வைத்து வேகத்தை முடிவு செய்ய வேண்டாம் என்றேன்.

"நான் எங்க டாக்டர் நம்பரைப் பாக்குறேன்? வாயத்தான் பாக்குறேன்" என்றார் மாலா. சைக்கிள் மிதிக்கும்போது அவர் எல்லோரையும் பேசவைப்பார். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பாட்டுப் பாட முடிந்தால் வேகம் போதாது. எளிய முறை, ஆனால் நம்பகமானது.

பேச்சு என்றால் சேவியருக்குக் கேட்கவா வேண்டும். காலை ஷிஃப்ட்டுக்கு முன்னால் வாரம் மூன்று நாள் போனார். "தங்கச்சி, நீ மலேசியாவில பொலிசில இருந்தனியோ?" என்பாராம். "இல்லண்ணே, உங்கள மாதிரி நாலு பேர பாத்து போலீஸே ஓடிட்டாங்க, அதான் நான் வந்தேன்" என்பாராம் மாலா. ஒவ்வொரு வெள்ளியும் மாலா என்னைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் சொல்வார். நாற்காலியில் எழுந்து உட்காருவது ஒன்பதிலிருந்து பதினான்காகியது. நான் சர்க்கரை அளவுகளைச் சொல்வேன். அவையும் இறங்கிக்கொண்டிருந்தன. மே மாதத்துக்குள் ஊசி இல்லாமல் சமாளித்துவிடலாம் என்று இருவரும் நம்ப ஆரம்பித்தோம்.

மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. கிளினிக் இன்னும் திறக்கவில்லை. எனக்கு எங்கும் முன்னதாகப் போய்விடும் வழக்கம், அதனால் என் அறையில் இருந்தேன். மாலா கூப்பிட்டார்.

"டாக்டர், சேவியர் அண்ணே சரியில்ல. சைக்கிள்ல ஏறி கொஞ்ச நேரம்தான் ஆவுது. கழுத்தெல்லாம் வேர்த்து ஊத்துது. நாடி எழுவத்திரெண்டுதான். கிண்டல் பண்ணேன், பதில் இல்ல. அவரு பதில் சொல்லாம இருந்ததே இல்ல. எறக்கி உக்கார வெச்சிருக்கேன்."

சர்க்கரை அளவுக்குமேல் இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அந்த இரண்டையும் துடிப்பு மாத்திரை மூடி மறைத்துவிடும். வேர்வையை அதனால் மறைக்க முடியாது. மாலா சொன்ன மூன்று விஷயங்களில் வேர்வையும் நாடியும் எனக்குப் போதும்.

"சர்க்கரை இறங்குது. இனிப்பு ஏதாவது உடனே குடுங்க."

"ஜெல்லி பீன்ஸ் கையிலயே வெச்சிருக்கேன். வாங்க மாட்டேங்குறாரு. வாய இறுக்கி மூடிக்கிட்டு இருக்காரு."

"ஸ்பீக்கர்ல போடுங்க. சேவியர், டாக்டர் பேசறேன். அதை வாயில போடுங்க."

பிறகு குழறலாக, "ஏலாது டொக்டர். இண்டைக்கு வெள்ளி. நான் ஒருசந்தி."

ஒருசந்தி என்றால் கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் உண்டு மற்ற வேளைகளில் பட்டினி இருப்பது. மன்னாரில் வளர்ந்தவர்களுக்கு அது சின்ன வயதிலிருந்து பழக்கம். வெளியே சொல்லிக்கொண்டு இருக்கக்கூடாது என்பதும் அதில் சேர்ந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் சைவன், மாலாவும் அப்படியே. எங்களுக்கு அது தவக்காலம் என்றே நினைவில்லை.

"காலைல மாத்திரை போட்டீங்களா?"

"ஓம். நீங்கள் ஒருநாளும் விடக்கூடாது எண்டு சொன்னனீங்கள்."

"மாத்திரை போட்டா ஒருசந்தி முறிஞ்சுபோகுமா?"

"இல்லை. அது மருந்துதானே."

"அப்ப இதுவும் மருந்து. அந்தம்மா கையில இருக்கறது மிட்டாய் இல்ல. ஆறு. மென்னு முழுங்கணும். நான் எழுதித் தர்றேன்."

சர்க்கரை இறங்கியவர்களுக்குப் பிடிவாதம் வரும், மூளைக்கே தீனி குறைகிறது. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

"எழுதித் தருவியளோ?"

"தர்றேன்."

"பச்ச கலர் வேணாம்னா செவப்பு எடுத்துக்குங்கண்ணே" என்ற மாலாவின் குரல் கேட்டது. பிறகு மெல்லும் சத்தம்.

ரத்தப் பரிசோதனைக் கருவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் வயதில் அதை ஓட்டம் என்று சொல்லக் கூடாதுதான். விரலில் குத்திப் பார்த்தபோது மூன்று புள்ளி இரண்டு, நம் ஊர்க் கணக்கில் ஐம்பத்தெட்டு. நான்குக்குக் கீழே போகக்கூடாது. சாப்பிட்ட பிறகே இதுவென்றால் முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசிக்க விரும்பவில்லை. கால் மணி நேரத்துக்குப் பிறகு ஐந்தாகியது. மாலா ரொட்டி வாட்டிக் கொடுத்தார். அதற்கு அவர் மறுக்கவில்லை. முகத்தில் ரத்தம் வந்தது. உடனே எழுந்தார்.

"எட்டு மணிக்கு லோட் நிக்குது. நான் வெளிக்கிடுறன்."

"இன்னைக்கு நீங்க எதையும் ஓட்டக்கூடாது."

"எனக்கு இப்ப ஒண்டுமில்லை டொக்டர்."

அப்போதுதான் அவர் எல்லாவற்றையும் சொன்னார். மே மாத மெடிக்கலில் தேறி லைசென்ஸ் நிலைக்க வேண்டும் என்று மன்னாரின் மடு மாதாவுக்கு நேர்த்திக்கடன் வைத்திருந்தார். தவக்காலம் முடியும்வரை வெள்ளிதோறும் ஒருசந்தி. டாக்டர் சொன்ன மாத்திரையை விடவில்லை. மாலா சொன்ன பயிற்சியை விடவில்லை. மாதாவுக்குச் சொன்ன வாக்கையும் விடவில்லை. தனித்தனியே பார்த்தால் மூன்றும் அவருக்கு நல்லதற்கே. எங்கள் மூவரின் சொல்லையும் ஒரே மனிதர் ஒரே வெள்ளிக்கிழமையில் நிறைவேற்றினார். லைசென்சுக்காக வைத்த நேர்த்தியே லைசென்சைக் கொண்டுபோகும் நிலைக்கு வந்தது.

இன்னொருவர் உதவி இல்லாமல் மீள முடியாத அளவுக்குச் சர்க்கரை இறங்கினால் அதைப் பதிவு செய்ய வேண்டும். மறுபடி பரிசோதித்து நிலைமை சரி என்று தெரியும்வரை கனரக வண்டி ஓட்டக்கூடாது என்று நான் எழுதித் தர வேண்டும். அன்று மதியம் மனைவி ரெஜினாவோடு கிளினிக்குக்கு வந்தார்.

"இதை எழுதாதேங்கோ டொக்டர். பார்த்தது நீங்களும் மாலாவும்தான். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

நான் கோலின் அறைக்குப் போனேன். முழுவதையும் சொன்னேன். வேலை போய்விடும் என்பதை இரண்டு முறை சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அவர் ஓட்டும் லாரி எவ்வளவு எடை?"

சுமையோடு நாற்பது டன்னுக்கு மேல் என்றேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த நோயாளியை அழைத்துவரப் போய்விட்டார். நான் திரும்பி வந்து எழுதினேன்.

சேவியர் அந்தத் தாளை வாங்கவில்லை. ரெஜினாதான் வாங்கினார். "நீங்களெல்லாம் படிச்ச ஆக்கள். ஒரு வரி எழுதாமல் விட்டா உங்களுக்கு என்ன குறையும்?" என்று கேட்டுவிட்டு அவர் வெளியே போனார்.

கம்பெனி அவரை நீக்கவில்லை. கிடங்கில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலையில் போட்டது. தன் லாரியை வேறொருவன் எடுத்துக்கொண்டு போவதைத் தினமும் பார்த்தபடி லேபிள் ஒட்டினார். என்னிடம் வருவதற்குப் பிடிக்கவில்லை. ஜிம்முக்கு மட்டும் போனார். அங்கேயும் மாலா கேட்டதற்கு மட்டும் பதில்.

நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்தோம். ஒரு மாலை மாலாவைக் கிளினிக்குக்கு வரச்சொன்னேன். சேவியரை ரெஜினா இழுத்துவந்தார். நால்வரும் ஒரே மேசை. சர்க்கரையைக் கீழே தள்ளும் மாத்திரையை நிறுத்தினேன். வெறும் வயிற்றிலும் சர்க்கரையை அப்படி இறக்காத வேறொன்றை ஆரம்பித்தேன். துடிப்பு மாத்திரையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து விட்டுவிடலாம் என்று முடிவு செய்தோம். காலை உணவுக்குப் பிறகே பயிற்சி. வகுப்புக்கு முன்னும் பின்னும் விரலில் குத்திப் பார்ப்பது. மருந்தை மாற்றினால் அன்றே நான் மாலாவிடம் சொல்ல வேண்டும், பயிற்சியைக் கூட்டினால் அன்றே மாலா என்னிடம் சொல்ல வேண்டும். சேவியர் தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றுக்கும் ஓம் என்றார்.

மே மாதம் அவருக்குச் சான்றிதழ் தரவில்லை. ஜூலையிலும் தரவில்லை. செப்டம்பரில் வந்த பரிசோதனை நன்றாக இருந்தது. ஊசி தேவைப்படவில்லை. அந்த ஆறு மாதத்தில் ஒருமுறைகூட நான்குக்குக் கீழே போகவில்லை. கையெழுத்திட்டேன். வாங்கிக்கொண்டு, "சரி டொக்டர்" என்றார். அவ்வளவுதான்.

ப்ரீத்தி, உங்கள் புதிய அறையைப் பற்றி எனக்குள்ள கவலை இதுதான். அடுத்த கதவு என்பதால் நீங்கள் கூப்பிட மாட்டீர்கள். நீங்கள் கணினியில் எழுதுவீர்கள், அவர் படிப்பார், அவர் எழுதுவார், நீங்கள் படிப்பீர்கள். நடுவில் இருக்கிறவர் எதையும் கேட்கமாட்டார். நோயாளியை உட்காரவைத்துக்கொண்டு கதவைத் திறந்து அந்த ஆளை உள்ளே கூப்பிடுங்கள். இருவருமாக, இவர் காதுபடப் பேசுங்கள். பிறகு, எங்களைத் தவிர வேறு யார் பேச்சைக் கேட்கிறீர்கள் என்று கேளுங்கள். சாமி, சாமியார், மாமியார், யூடியூப், யாராக இருந்தாலும். நான் அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டேன். பத்தில் ஏழு பேர் ஏதாவது சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில், விபூதிப் புதனுக்கு முதல்நாள், தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய மாலை, சேவியர் நேரம் குறித்துக்கொண்டு வந்தார்.

"மாதா தன்ரை பங்கைச் செய்துபோட்டா. என்ரை நேர்த்தி பாதியில நிக்குது. நீங்கள்தான் மிட்டாய் எழுதித் தந்து முறிச்சனீங்கள்" என்றார். "இந்த முறை கேட்டுத்தான் செய்யிறது எண்டு வந்தனான். எதை விடலாம்?"

மாலாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"காலைச் சாப்பாட்டை விடக்கூடாது" என்றேன்.

"வகுப்ப விடக்கூடாது" என்றார் மாலா.

"உங்கட மருந்துக் குளிசையும் விடேலாது. அப்ப நான் மாதாவுக்கு எதைக் குடுக்கிறது? இறைச்சியை விடலாம், ஆனா எனக்கு மீன் தான் விருப்பம். நோகாததைக் குடுத்தா அது ஒறுத்தலே?"

"பேச்ச விடுங்கண்ணே. நாப்பது நாளைக்கு நாங்க நிம்மதியா இருக்கோம்."

"நான் கதைக்காட்டி என்ரை மூச்சு உனக்கு எப்பிடியடி தெரியும்?"

மாலா சிரித்தார். ஓர் ஆண்டுக்குப் பிறகு அவர் மாலாவைப் பழையபடி சீண்டியதை நான் கேட்டேன். சேவியர் மட்டும் சிரிக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் பட்டினி எனக்கு நோகேல்லை டொக்டர். லொறி ஓடாமல் இருந்ததுதான் நொந்தது" என்றார். "வேலைக்கு ஓடத்தான் வேணும். மற்றபடி, ஈஸ்டர் வரைக்கும் நான் ஸ்டியரிங்கைத் தொடமாட்டன். இதுக்கு உங்கட அனுமதி வேணுமோ?"

வேண்டாம் என்றேன்.

வாசல்வரை போனேன். பின்னால் இரண்டடி விட்டு நடந்தேன், எந்தக் காலையும் இழுக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் ரெஜினா இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேவியர் அந்தக் கதவைத் திறந்து சாவியை நீட்டினார். ரெஜினா ஒன்றும் புரியாமல் இறங்கிச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனார். சேவியர் இடப்பக்கம் ஏறி, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, பெல்ட்டை மாட்டினார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ரெஜினாவின் கையில் எஞ்சின் இரண்டு முறை நின்றுபோனது. சேவியர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.